பிரைமரின் எடை: அளக்கப்படுவது எது?

1841ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சீனத்தின் கண்டோன் நகருக்கு வடக்கேயுள்ள சன்யுவான்லி என்னும் ஊரை ஒட்டிய வயல்வெளியில், 37ஆம் சென்னைக் காலாட்படையைச் சேர்ந்த ஒரு பிரிவு பெருமழையில் வழி தவறி நின்றது. சுமார் அறுபது சிப்பாய்கள். அவர்களைச் சுற்றிலும் ஈட்டியும் வாளும் ஏந்திய ஆயிரக்கணக்கான ஊர்மக்கள். சிப்பாய்களின் கையில் இருந்தவை சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் பழைய துப்பாக்கிகள். மழையில் கிண்ணியில் இட்ட மருந்து சேறாகிவிட்டது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி அவர்கள் நேரத்தைக் கடத்தினர். இருட்டிய பிறகு தேடி வந்த கடற்படை வீரர்களிடம் புதுவகைத் துப்பாக்கிகள் இருந்தன. குதிரைக்குப் பதிலாகச் சுத்தியும், கல்லுக்குப் பதிலாகச் செம்புத் தகட்டாலான ஒரு சிறு தொப்பியும் கொண்டவை அவை. அதே மழையில் அவை வெடித்தன, பிரிவு மீண்டது.

ஐரோப்பியப் படைத்தொழில் வரலாற்றில் இந்நிகழ்ச்சி ஒரு வரியில் முடிந்துவிடுவது வழக்கம். சென்னைப் படையின் வரலாற்றிலோ அது வேறொரு கேள்வியை எழுப்புகிறது. 1834இலேயே பிரிட்டிஷ் அரசு இரு வகைத் துப்பாக்கிகளையும் 6,000 முறை வீதம் சுட்டுப் பார்த்திருந்தது. கல் துப்பாக்கி 922 முறை பொய்த்தது. தொப்பித் துப்பாக்கி 36 முறை மட்டுமே. முடிவு கையில் வந்து ஏழாண்டுகள் கழிந்த பின்னும் சென்னைச் சிப்பாய்க்குக் கிடைத்தது கல்தான்.

அந்தச் செம்புத் தொப்பியின் நேர்வழித்தோன்றல்தான் இன்றைய தோட்டாவின் அடியில் பதிந்திருக்கும் பிரைமர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நாட்டுத் துப்பாக்கியோடு பழகியவர்கள் அதன் மூதாதையைக் 'கேப்பு' என்பார்கள். தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் சுருள் கேப்பும் தத்துவத்தில் அதன் தூரத்து உறவே. அடித்தால் தீப்பிடிக்கும் ஒரு துளி மருந்து: அவ்வளவே அதன் சாரம். அந்தத் துளி ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று அறிய, பிரைமர்களை ஒவ்வொன்றாக நுண்தராசில் வைத்து எடைவாரியாகப் பிரிக்கும் பழக்கம் ஒன்று அமெரிக்காவின் நெடுந்தொலைவு இலக்குச் சுடுதல் வட்டாரங்களில் வேரூன்றியிருக்கிறது. பார்வைக்கு இது பொழுதுபோக்காளரின் பித்து. ஆயினும், அளவை என்னும் செயலின் வரலாற்றில் ஆர்வமுள்ள எவரும் சற்று நின்று பார்க்கத் தக்கது.

தொடக்கம் 1800. எட்வர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில வேதியியலாளர் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். தம்முடைய ஆய்வில் தாமே காயமுற்றவர் அவர். அதைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் படைத்துறையினர் அல்லர். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். பறவை வேட்டையில் விருப்பமுள்ளவர். கல் துப்பாக்கியின் கிண்ணியில் எழும் ஒளியைக் கண்டு, குண்டு வந்து சேருமுன் பறவைகள் எச்சரிக்கை அடைந்துவிடுகின்றன என்பதே அவருடைய குறை. 1807இல் அவர் காப்புரிமை பெற்றார். செம்புத் தொப்பியை முதலில் செய்தவர் யார் என்பதில் ஓவியர் ஜோஷுவா ஷா உட்படப் பலர் உரிமை கோரினர். அந்த வழக்கு இங்கே தேவையில்லை. தேவையானது இது: தொப்பிகளைச் செய்து விற்றுப் பெயர்பெற்ற வில்லியம் ஈலி 1841இல் தம் பணிமனையிலேயே ஃபல்மினேட் வெடித்து இறந்தார். சென்னைச் சிப்பாய்கள் மழையில் நின்ற அதே ஆண்டு. பெரிய அளவில் கையாண்டால் உயிரைக் குடிக்கும் பொருளை, பயனுள்ள அளவுக்குச் சிறு துளியாக்கி, எல்லாத் துளிகளையும் ஒன்றுபோல் ஆக்குவதே இத்தொழிலின் முழுச் சிக்கல்.

இதே ஃபல்மினேட் வேதியியலின் அடித்தளத்தையும் ஒருமுறை அசைத்தது. 1820களின் நடுவே லீபிக், கே-லுசாக்குடன் சேர்ந்து வெள்ளி ஃபல்மினேட்டைப் பகுத்து அதன் தனிமங்களின் எடை விகிதங்களை வெளியிட்டார். வோலர் அதே காலத்தில் வெள்ளி சயனேட்டைப் பகுத்தார். இரண்டின் எண்களும் ஒன்றாகவே இருந்தன. ஒன்று தொட்டால் வெடிக்கும், மற்றது சாது. ஒருவர் கணக்கில் பிழை என்று மற்றவர் ஐயுற்றார். பின்னர் இருவர் கணக்கும் சரியென்று தெளிந்தது. எடை ஒன்றாயினும் கட்டமைப்பு வேறாகலாம் என்ற இந்தக் கண்டுபிடிப்புக்கு 1830இல் பெர்சீலியஸ் 'ஐசோமெரிசம்' என்று பெயரிட்டார். தமிழ்ப் பாடநூல்கள் 'மாற்றியம்' என்கின்றன. எடையைக் கொண்டு நடத்தையை ஊகிக்கும் எவருக்கும் எதிரான முதல் சாட்சி, பிரைமரின் மருந்திலிருந்தே வந்தது என்பது தற்செயல்தான். ஆனால் மறக்கத் தக்கதன்று.

1866இல் தொப்பி தோட்டாவுக்குள்ளேயே குடியேறியது. அமெரிக்கரான ஹைராம் பெர்டனும், வூலிச் ஆயுதச்சாலையின் எட்வர்ட் பாக்சரும் அதே ஆண்டில் தனித்தனியே இரு வடிவங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். பாக்சரின் பிரைமரில் மூன்று உறுப்புகள்: பித்தளைக் கிண்ணம் ஒன்று, அதன் அடியில் அப்பிய மருந்து, மருந்தின்மேல் பொருந்திய மூன்று கால் அல்லது இரு கால் கொண்ட சிறு அடைகல். கொல்லர் பட்டறையின் அடைகல் செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. சுத்திமுனை கிண்ணத்தை நசுக்கும்போது மருந்து இரும்புக்கும் கல்லுக்கும் இடையே அகப்பட்டதுபோல் இரண்டு உலோகங்களுக்கிடையே நசுங்கித் தீப்பிடிக்கிறது. பெர்டன் முறையில் அடைகல் தோட்டாக் கூட்டிலேயே இருக்கும். வேடிக்கை என்னவெனில், ஆங்கிலேயரின் பாக்சர் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் பெர்டன் முறை ஐரோப்பியப் படைகளில் பரவியது. சுட்ட தோட்டாக் கூட்டிலிருந்து பாக்சர் பிரைமரை ஒரு கம்பியால் குத்தி எளிதில் நீக்கலாம். அதனால்தான் அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் வழக்கம் வளர்ந்தது. பிரைமரை நிறுத்துப் பார்க்கும் வழக்கத்துக்கும் வழி அங்கேதான் பிறந்தது.

இந்தியாவின் கதை இதற்கு நேர்மாறு. 1857இன் கொழுப்புத் தடவிய தோட்டா கல்கத்தாவை அடுத்த டம்டத்தில்தான் முதல் அலரை எழுப்பியது. அது காகிதத் தோட்டா; தொப்பி அதில் தனி உறுப்பு, அதைப் பற்றி எவரும் குறை சொன்னதாக இல்லை. கலகத்துக்குப் பின் இந்தியப் படைகளுக்கு, வெள்ளையர் படைகளுக்குக் கொடுத்ததைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதங்களையே கொடுப்பது ஆட்சியின் கொள்கை ஆயிற்று. சன்யுவான்லியில் கவனக்குறைவாக நேர்ந்தது இப்போது திட்டமாக நேர்ந்தது எனலாம். 1869இல் புனே அருகே கிர்க்கியில் தோட்டாத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. தோட்டாச் செய்யும் கலை இங்கே நெடுங்காலம் அரசின் மதிலுக்குள்ளேயே இருந்தது. விடுதலைக்குப் பின்னரும் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் தோட்டாவின் உறுப்புகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்தது. ஆகவே ஓர் அமெரிக்கத் தச்சரோ பல் மருத்துவரோ தம் வீட்டு மேசையில் செய்யும் சோதனையை ஓர் இந்தியர் செய்ய இடமில்லை. பிரைமர் எடைபற்றிய இலக்கியம் பெரும்பாலும் ஒரே நாட்டிலிருந்து வருவதற்கு அறிவு அன்று, சட்டமே முதற் காரணம்.

அந்த நாட்டில் இத்தகைய ஆய்வுக்கு ஒரு குலமரபு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டில் வாழ்ந்த ஃபிராங்க்ளின் மேன் ஒரு மருத்துவர். கோழித் தீவனத்துக்கு எலும்பு நறுக்கும் எந்திரம் ஒன்றால் பொருள் ஈட்டியவர். அந்தப் பொருளையும் பல பத்தாண்டுகளையும், 'ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே குண்டு. ஆயினும் இரண்டு குண்டுகள் ஏன் ஒரே துளையில் போவதில்லை?' என்ற ஒரே கேள்விக்குச் செலவிட்டார். மனிதக் கையின் நடுக்கத்தை விலக்கத் துப்பாக்கிக் குழலை நிலத்தில் ஊன்றிய கனத்த பீடத்தில் பொருத்தினார். குண்டின் முனையை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டார். குறி பெரிதாகக் கெடவில்லை. அடிப்பாகத்தைச் சிறிது சிதைத்தார், குறி சிதறியது. 1909இல் அவர் வெளியிட்ட நூல், தோல்வியுற்ற சோதனைகளையும் மறைக்காமல் பதிந்தது. எல்லோரும் முனையைக் காத்துக்கொண்டிருந்தபோது, வினை அடிப்பாகத்தில் இருந்தது என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம். கண்ணுக்குத் தெரிவதும் காரணமாக இருப்பதும் வேறு வேறு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேசைமேல் தாங்கு வைத்துச் சுடும் போட்டிகள் அங்கே அமைப்பு பெற்றன. மனிதக் குறை குறையக் குறைய, மிஞ்சிய குறை பொருளின்மேல் சுமத்தப்பட்டது. கூடுகளை நிறுத்துப் பிரித்தனர், கழுத்தின் தடிப்பைச் சீவிச் சமன்செய்தனர், குண்டுகளை நிறுத்தனர், மருந்தை நிறுத்தனர். இறுதியில் நிறுக்காமல் மிஞ்சியது பிரைமர் ஒன்றே. நெடுந்தொலைவுப் போட்டியில் இதற்கு நியாயமும் உண்டு. 1,000 கஜத்துக்கு அப்பால், குண்டின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் குறைந்தாலே, தோட்டாவின் வகையைப் பொறுத்து, அது சுமார் 7, 8 சென்டிமீட்டர் தாழ்ந்து விழும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். வேகம் ஒரு தோட்டாவுக்கும் மறு தோட்டாவுக்கும் மாறுவதில் பிரைமருக்குப் பங்குண்டு என்பதில் கருத்து வேறுபாடில்லை. அந்தப் பங்கு பிரைமரின் எடையில் தெரிகிறதா என்பதே கேள்வி. இதற்கிடையே, 100 கஜப் போட்டியில் உலகின் மிகச் சிறிய குழுக்களைச் சுடுவோர் பலர் மருந்தைக்கூட எடை பார்க்காமல் அளவியால் முகந்தே ஊற்றுகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இனி எடைக்கு வரலாம். இத்துறையின் அலகு கிரெயின், 0.0648 கிராம். ஒரு தானிய மணியின் பெயரால் அமைந்த எடை. நம் பொற்கொல்லர் தராசில் அதற்கு இணையாக இருந்தது குன்றிமணி. ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயின். பெரிய ரைஃபிள் பிரைமர் ஒன்றின் மொத்த எடை ஐந்து கிரெயினை ஒட்டியது. மூன்று குன்றிமணிக்கும் குறைவு. இதில் வெடிக்கும் கலவை சுமார் அரைக் கிரெயின். குன்றிமணியில் கால் பங்கு. எஞ்சிய பத்தில் ஒன்பது பங்கு உலோகம். தராசு தெரிவிப்பது முழுப் பிரைமரின் எடையை. சுடுபவர் அறிய விரும்புவதோ பத்தில் ஒரு பங்கான மருந்தின் எடையை.

கிண்ணமும் அடைகல்லும் தகட்டிலிருந்து அச்சால் வெட்டி எடுக்கப்படுகின்றன. தகட்டின் தடிப்பு ஒரு விழுக்காடு கூடினால் பிரைமரின் எடை 0.04 முதல் 0.05 கிரெயின் வரை கூடும். மருந்தில் அதே 0.04 கிரெயின் கூடினால் அது எட்டு விழுக்காடு மிகுதி. முன்னது தொழிற்சாலையில் நாளும் நிகழக்கூடிய சிறு மாற்றம். பின்னது பெரிய கோளாறு. தராசுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு கணக்குக்காக, மருந்து எடையின் திட்ட விலக்கம் உலோக எடையின் திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அப்போது மொத்த எடைக்கும் மருந்து எடைக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு சுமார் 0.2, மருந்தின் மாறுபாட்டில் நான்கு விழுக்காட்டை மட்டுமே மொத்த எடை விளக்கும். இரவெல்லாம் கண்விழித்துப் பிரைமர்களை நிறுத்துப் பிரித்தவர் பெரும்பாலும் பிரித்தது பித்தளையைத்தான்.

மருந்து கிண்ணத்துக்குள் வரும் விதமும் இதற்குத் துணையாக நிற்கிறது. உலர்ந்த நிலையில் அதைக் கையாளுதல் தற்கொலைக்கு ஒப்பு. ஆகவே ஈரக் களியாகப் பிசைந்து, நூற்றுக்கணக்கான துளைகள் கொண்ட தட்டின்மேல் தேய்த்து, துளைகளில் நிரம்பிய களியைக் கிண்ணங்களில் இறக்கி, பின்னர் உலர்த்துவார்கள். துளை கொள்ளும் கன அளவே மருந்தின் அளவு. களியின் ஈரம், தேய்க்கும் கையின் அழுத்தம், அந்தக் கையின் பழக்கம் ஆகியவை அதைத் தீர்மானிக்கின்றன. ஒரு முறுக்கு அச்சில் மாவு பிடிப்பவரின் கைப்பதம் எப்படியோ அப்படி. இந்தக் கைகளின் பெயர்கள் எந்தக் காப்புரிமையிலும் இல்லை.

மருந்து சரியான எடையில் இருந்தும் பொய்த்த வரலாறு உண்டு. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கிய வேளையில், பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபர்டு ஆயுதச்சாலைத் தோட்டாக்கள் தாமதித்து வெடித்தன; சில வெடிக்கவேயில்லை. கலவையில் இருந்த கந்தகம் மூலப்பொருளின் மாசோடு சேர்ந்து அமிலமாக மாறி மருந்தைக் கெடுத்திருந்தது. எந்தத் தராசும் அதைக் காட்டியிராது. கந்தகம் இல்லாத, வின்செஸ்டர் நிறுவனத்தின் கலவைக்கு மாறிய பின்னரே சிக்கல் தீர்ந்தது.

அப்படியானால் சுடுவோர் சிலர் பலன் கண்டதாகச் சொல்வது பொய்யா? பொய்யன்று, எண்ணிக்கை போதாது. எடை பிரித்த பிரைமர்களுடன் ஐந்து தோட்டா சுட்டு, வேகத்தின் திட்ட விலக்கம் விநாடிக்கு 4 அடி என்று ஒருவர் பெறுகிறார். ஐந்து அளவுகளைக் கொண்டு உண்மை மதிப்பை மதிப்பிட்டால், 95 விழுக்காட்டு நம்பிக்கை எல்லை 2.4 முதல் 11.5 வரை விரிகிறது. பிரிக்காத பிரைமர் 8 என்று காட்டினால், அதன் எல்லை 4.8 முதல் 23 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாகப் படிகின்றன. முப்பது முப்பது தோட்டா சுட்டாலும், திட்ட விலக்கம் 10 என்பதையும் 8 என்பதையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. டப்ளினின் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரை இத்தகைய சிறு மாதிரிகளின் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. நூற்றாண்டு கடந்தும் ஐந்து தோட்டாக் குழுவின் ஆட்சி குறையவில்லை. குழல் தேய்கிறது, தோட்டா விலை உயர்கிறது, காரணம் விளங்காததன்று.

எடை பார்ப்பதில் பயனே இல்லை என்பதும் சரியாகாது. அடைகல் விடுபட்ட பிரைமர், மருந்து இறங்காத பிரைமர் ஆகியவை அரைக் கிரெயின் அல்லது அதற்கு மேலும் குறைந்து நிற்கும். தராசு அவற்றைத் தவறாமல் பிடிக்கும். களையெடுக்க அது நல்ல கருவி. களை நீங்கிய பயிரைத் தரம் பிரிக்கப் போதாத கருவி.

மருந்தை மட்டும் நிறுக்க நேர்வழி ஒன்று இல்லாமலில்லை. பிரைமரை நிறுத்து, வெற்றுக் கூட்டில் வைத்து வெடித்து, மீண்டும் நிறுத்தால் வேறுபாடு கிடைக்கும். ஒட்டிக்கொண்ட கரி தவிர எஞ்சியது எரிந்த மருந்து. ஆனால் எடை தெரிந்த வேளையில் பிரைமர் தீர்ந்துபோயிருக்கும். ஆயுதச்சாலைகள் இந்த முட்டுக்கட்டையை முன்பே அறிந்திருந்தன. அவை ஒவ்வொன்றையும் அறிய முயலவில்லை. தொகுதியை அறிய முயன்றன. குறித்த உயரத்திலிருந்து எஃகுக் குண்டைப் பிரைமரின்மேல் விழவிடுவர். வெடித்தால் அடுத்ததற்கு உயரத்தை ஒரு படி குறைப்பர். வெடிக்காவிட்டால் ஒரு படி கூட்டுவர். போர்க்காலத்தில் பென்சில்வேனியாவின் புரூஸ்டன் ஆய்வகத்தில் உருவான இந்த ஏற்ற இறக்க முறைக்கு டிக்சனும் மூடும் 1948இல் புள்ளியியல் வடிவம் கொடுத்தனர். பின்னர் மருந்தியலிலும் உளவியலிலும், ஒருவரால் கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலியை அளக்கும் சோதனைகளிலும் இதே வகை முறை புழங்கியது.

இந்தியச் சுடுவோர் எடையைத் துறந்து தொகுதியை ஏற்றதற்குப் பின்னால் இந்தத் தருக்கம் இருக்கிறது; கட்டாயமும் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற தோட்டா .22 வகை. அதில் பிரைமர் என்று தனி உறுப்பே இல்லை; மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் சுழற்றிச் செலுத்தப்பட்டிருக்கும். பிரித்து நிறுக்க வழியே கிடையாது. ஆகையால் இத்துறையின் முன்னணி வீரர்கள் பர்மிங்காம் அருகேயுள்ள ஈலி ஆலைக்கோ, ஜெர்மனியின் ஷோனெபெக்கில் உள்ள லாபுவா ஆலைக்கோ தம் துப்பாக்கியைக் கொண்டுசென்று, அதன் குழலைப் பீடத்தில் இறுக்கிப் பூட்டி, வெவ்வேறு தொகுதி எண்களிலிருந்து தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கிறார்கள். மேன் நிலத்தில் ஊன்றிய பீடத்தின் அதே தத்துவம். எந்தத் தொகுதியின் குழு சிறியதோ, அந்த எண் குறித்த பெட்டிகளை ஆண்டு முழுவதற்குமாக வாங்கிக்கொள்கிறார்கள். அத்தொகுதி தீர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து சுட்டுப் பார்க்க வேண்டும்.